கயித்துல தொங்குற பெட்டி

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. விளக்கும் அணைந்தது. செம்மல் கதவோரம் ஒதுங்கினான். லிஃப்ட் நின்றதற்காக அல்ல, பக்கத்தில் அப்பா நின்றதற்காக.

"கரண்டு பூடுச்சி போல" என்றார் சக்கரபாணி.

இந்த லாஸ்பேட்டை அடுக்குமாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து லிஃப்டில் கால் வைக்காத ஆள் அவர். "கயித்துல தொங்குற பெட்டி, அத எவன் நம்புவான்?" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டே படியேறுவார். இன்றைக்கு என்னவோ, மகன் உள்ளே நுழைந்ததும் பின்னாலேயே வந்து கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

தட்டாஞ்சாவடி பட்டறையில் மெஷினில் மாட்டி, கூட வேலை செய்யும் லூர்துபிரகாஷின் விரல்கள் போனதிலிருந்து, செம்மல் வீட்டில் வாயே திறப்பதில்லை. அப்பா "டேய், கொஞ்சம் உக்காரு" என்றால் போதும், லிஃப்டுக்குள் புகுந்துவிடுவான். அவர் படியிறங்கி வருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

இப்போது எங்கே ஓடுவது? கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அலாரப் பொத்தானை அழுத்தினான், அதுவும் செத்துக் கிடந்தது. மேலே யார் வீட்டிலோ மிக்சி கரகரவென்று ஓடி ஓய்ந்தது.

"பிரான்சுவா அண்ணே!" என்று கத்தினான். வாட்ச்மேனிடமிருந்து சத்தமே இல்லை.

"டீ குடிக்கப் போயிருப்பான். நீ உக்காரு" என்று அவர் தரையிலேயே உட்கார்ந்தார். "லூர்த போய்ப் பாத்தியா?"

"பாக்கல."

"ஏன்?"

"எந்த மூஞ்சிய வச்சிகினு பாக்கறது? மெஷின போட்டது நாந்தான?"

"ஆமா. நீதான் போட்ட."

செம்மல் திடுக்கிட்டான். முதலாளியிலிருந்து பக்கத்து வீடு வரைக்கும் 'உம்மேல தப்பில்லப்பா' என்று சொல்லிச் சொல்லியே அவன் வாயை அடைத்திருந்தார்கள்.

"சமாதானமா ஒரு வார்த்த சொல்ல மாட்டியாப்பா?"

"எனக்கு அதெல்லாம் வராது. நீ சொல்லு, நான் கேக்கறேன். இன்னாதான் ஆச்சி?"

இருட்டில் அவர் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. செம்மல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"கைய எடுத்துட்டான்னு நெனச்சேன்பா. இப்ப கண்ண மூடினா அவன் கத்துனதுதான் கேக்குது. சுவிட்சுல கை வைக்கறதுக்கு முன்னாடி, 'போடட்டுமா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கலயே!"

சொல்லும்போதே உடைந்து அழுதான். சக்கரபாணி தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தடவித் தடவி மகனின் கையைக் கண்டுபிடித்து இறுக்கிக்கொண்டார். அவர் உள்ளங்கை சொதசொதவென்று வியர்த்திருந்தது.

அழுது ஓய்ந்தபிறகு கேட்டார், "நாளைக்கி லூர்த பாக்கப் போலாமா? நானும் வரேன்."

"மூஞ்சில துப்பினான்னா?"

"துப்பட்டும். தொடச்சிகினு உக்காந்திருப்போம்."

செம்மலுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "சரிப்பா, போலாம்" என்றான்.

அப்போது கீழேயிருந்து பிரான்சுவாவின் குரல் கேட்டது.

"சக்கரபாணி அண்ணே! உங்கள கேக்காம போடாதன்னீங்களே... லிஃப்டு சுவிட்ச இப்ப போடட்டுமா?"