பூபாலனின் பூ வரப்பு

"நெசமாவே ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கலியா, பூபாலா?"

கேட்டவர் ராஜகோபால். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஆறு விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு, பூபாலனின் கத்திரித் தோட்டத்தைப் பார்க்கத் திருத்தணிக்கு வந்திருந்தார்.

"ஆங்... அடிக்கலண்ணா" என்றான் பூபாலன். சொல்லும்போது கண் தரையில் இருந்தது.

தோட்டத்தைச் சுற்றி வரப்பு முழுக்கப் பூ. தும்பை, துத்தி, ஆவாரை என்று மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போகிற செடிகள்தான். பூபாலனின் மனைவி புஷ்பலதா மலையடிவாரத்தில் காய்ந்த விதைகளைப் பொறுக்கி வந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை.

"விதைய ஆழமா பொதைச்சிடாதீங்க. மணல்ல கலந்து மேலாப்புல தூவுங்க, போதும்" என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். "இந்தப் பூவுக்குக் குளவி வரும், பொறிவண்டு வரும். அதுங்க கத்திரியில இருக்கற பேனு, புழு எல்லாத்தையும் பாத்துக்கும்."

"எங்க ஊட்ல கேட்டா, வரப்புல பூ வெச்சி யாருக்கு மாலை போடப்போறேன்னு கேப்பா" என்றார் கூட்டத்தில் வந்த சுப்பிரமணி. எல்லோரும் சிரித்தார்கள்.

"பூபாலனப் பாத்தும்தான் சிரிச்சாங்க. இப்ப பாரு, ஒரு காயிலகூட ஓட்ட இல்ல!" ராஜகோபால் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தட்டிய இடம் கூசியது. ஏன் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பூச்சியைப் பூச்சி பார்த்துக்கொள்ளும் என்பதை அவன் ஒருநாளும் நம்பவில்லை. புஷ்பலதா காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரம் பார்த்து, மோட்டார் ரூமில் ஒளித்து வைத்திருந்த பூச்சிமருந்து பாட்டிலை எடுத்து, தண்ணீரில் கலந்து அடித்துவிடுவான். இரண்டு வருஷமாக இதே வேலை. காய் சுத்தமாக வந்தது, பெயர் பூவுக்குப் போனது. பெண்டாட்டியின் சந்தோஷத்தை எதற்குக் கெடுப்பது என்று இருந்துவிட்டான். அவள் பொறிவண்டைக் காட்டிச் சிரிக்கும்போதெல்லாம் இவனும் சிரித்து வைப்பான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்காது.

"இன்னா பாவா, அவங்க கேக்கறாங்க இல்ல, நீ சொல்லேன்" என்றாள் புஷ்பலதா. புருஷனை அவள் பாவா என்றுதான் அழைப்பாள்.

"நீயே சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராஜகோபால் பையை விரித்தார். "கொஞ்சம் காய் பறிச்சிக்கறேம்பா. என் பொண்ணு மோனிஷாவுக்கு இது அஞ்சாம் மாசம். எட்டு வருஷம் கழிச்சி இப்பதான் உண்டாகியிருக்கா. பிஞ்சுக் கத்திரிக்காய பச்சையாவே கடிக்கணும்னு ஒரே அடம். கடையில வாங்கிக் குடுக்க பயமா கீது."

பூபாலன் முந்தாநாள்தான் மருந்து அடித்திருந்தான்.

"வேணாண்ணா. பிஞ்சு கசக்கும்."

"கசந்தா கசக்கட்டும். அவ கேக்கறா." அதற்குள் நாலைந்து காய்களைப் பறித்துவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, நின்றார். "தப்பா நெனைக்காத பூபாலா. பெத்த மனசு கேக்கல. ஒரே ஒரு வாட்டி மலையப் பாத்துச் சொல்லிடு."

மலைமேல் முருகன் கோயில் தெளிவாகத் தெரிந்தது. பூபாலன் தலையைத் தூக்கினான். ஆறு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் காயக் கீழ போட்டுடுண்ணா" என்றான். "முந்தாநாள் மருந்து அடிச்சேன். ரெண்டு வருஷமா திருட்டுத்தனமா அடிச்சிகினுதான் இருக்கேன். பூவெல்லாம் சும்மா. சொன்னதெல்லாம் பொய்."

ராஜகோபாலின் கையிலிருந்த காய்கள் வரப்பில் உருண்டன.

"என் பொண்ணு வயித்துல..." என்றார் ராஜகோபால். சுப்பிரமணி காறித் துப்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது பூபாலனுக்கு. அவமானத்தில் காது மடல் வரை எரிந்தது. எல்லோரையும்விட மனைவியின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

"உன்னையும் ஏமாத்திட்டேன் புஷ்பா. எத்தினி நாள் உன் கூட நின்னு சிரிச்சிருக்கேன். என் மூஞ்சிலயே முழிக்காத."

புஷ்பலதா மாட்டுக் கொட்டகைக்குள் போனாள். திரும்பி வந்தபோது, மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள். மூடியைத் திறக்காமலேயே மருந்து நெடி மூக்கில் ஏறியது.

"நீ வாங்கியாந்தது மொத்தமும் இதுலதான் கீது, பாவா" என்றவள், கீழே கிடந்த பிஞ்சு ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து, ஒரு கடி கடித்து மென்றாள். "ரெண்டு வருஷமா நீ அடிச்சிகினு இருந்தது, மருந்து வாடை போகாத உன் பாட்டில்ல நான் ஊத்தி வெச்ச அரிசி கழுவின தண்ணி."