கன்ஃபர்ம் ஆன காவடி

"மகாஜனங்களே! இன்று காலையோடு ஈப்போ புந்தோங்கின் தொழில் வரலாறு இரண்டாகப் பிரிகிறது. கம்ப்யூட்டருக்கு முன், கம்ப்யூட்டருக்குப் பின்!"

மகாஜனங்கள் என்று ஜெயபாலன் அழைத்தது அவருடைய காவடிப் பட்டறையில் வேலை செய்யும் ஐந்து பேரை. அவர் இருமினாலே பின்சுவர் வரைக்கும் கேட்கும் அந்தப் பட்டறைக்கு வாடகை மைக் வேறு. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில்லாத குறையை மறைக்க ஒரு ரோஜா மாலை.

மாலைக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தான் தீபன், ஜெயபாலனின் மனைவியுடைய தம்பி. ஆர்டரின் பேரில் செய்யும் காவடி ஒவ்வொன்றுக்கும் எத்தனை குழாய், எத்தனை நட்டு, எத்தனை மயிலிறகு என்று சாமான் கணக்கை மாதக்கணக்கில் உட்கார்ந்து சாஃப்ட்வேரில் ஏற்றியவன் அவன்தான்.

"மயிலிறகு எத்தனைண்ணே?" என்று கேட்டால் "வேணுங்கிற அளவு" என்று பதில் வருகிற பட்டறையில் அது லேசான வேலை இல்லை. 'வேணுங்கிற அளவு' என்றொரு எண்ணை சாஃப்ட்வேர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

"ராத்திரி பகல் பாராம நான் உருவாக்குன சிஸ்டம்!" என்றார் ஜெயபாலன் மைக்கில்.

தீபன் பல்லைக் கடித்தான். ராத்திரியும் அவனுடையது, பகலும் அவனுடையது. மாமாவின் பங்கு, 'சிஇஓ' என்று தன் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்ட பேனர் மட்டும்.

"முதல் ஆர்டர் யாரோடது தெரியுமா? நம்மளோடதுதான்! சிஸ்டம் நல்லபடியா ஓடுனா, தைப்பூசத்துக்கு எங்க வீட்டுலேருந்து ஒரு காவடி வரும்னு கல்லுமலை முருகன்கிட்ட வேண்டியிருக்கேன். ஈப்போவே வாயைப் பொளந்து பார்க்கணும்லா!"

தீபனுக்கு உள்ளம் குளிர்ந்தது. காருக்கும் கடைக்கும் நடுவிலேயே நாற்காலி தேடுகிற மாமா, காவடியோடு, கொளுத்தும் வெயிலில், கல்லுமலை வரைக்கும்! இத்தனை மாத வயிற்றெரிச்சலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடைக்குமா? வழியில் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க, மனத்துக்குள் இடம்கூடப் பிடித்துவிட்டான்.

"இடுப்பளவு சொல்லுங்க மாமா."

"முப்பத்திரெண்டு."

வாசலில் தொப்பை நுழைந்து சற்று நேரம் கழித்துத்தான் மாமா நுழைவார். கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையின் அளவைச் சொல்கிறார்போல என்று தீபன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியே அடித்தான். தைப்பூசத்தன்று இடுப்புப் பட்டையைப் பூட்ட முடியாமல் நடுரோட்டில் திண்டாடட்டும்.

"உயரம்?"

"எப்பவும் போடுறதுதான். ஆறடி போதும்லா."

"என்ன மாமா, சிஇஓ வீட்டுக் காவடி ஆறடியா? எட்டு போடுவோம்!"

உயரத்தை மாற்றியதும் குழாய், நட்டு, மயிலிறகு எல்லாம் திரையில் தாமாகவே கூடின. கீழே மொத்த எடையும் ஏறியது. பட்டறையே "ஓ" என்றது. தீபன் விடவில்லை. மூன்றடுக்கு போட்டான். சுற்றிலும் பித்தளை மணி கட்டினான். உச்சியில் சுழலும் மயில் வைத்தான். மயிலைச் சுழற்ற ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு லாரி பேட்டரி.

"லாரி பேட்டரியா?" ஜெயபாலன் மைக்கைக் கீழே இறக்கினார். "ரொம்பக் கனக்குமேடா!"

"வேண்டுதல்னா கனக்கத்தான் செய்யும். நோகாம கழிச்சு விடுறதுக்கு முருகன் என்ன நமக்கு மச்சானா?"

ஜெயபாலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"உனக்குள்ள இவ்ளோ பக்தி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே மச்சான்."

பக்திக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று தீபனுக்கு விளங்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. எடை ஐம்பது கிலோவைத் தாண்டியிருந்தது. அறுபதைத் தொட இன்னும் இரண்டு வரிசை மணி தேவைப்பட்டது. கட்டினான்.

வெல்டிங் வேலை பார்க்கும் சின்னையா மெல்ல வாயைத் திறந்தார். "தம்பி, பின்னாடி கொறைச்சுக்கலாமா?"

"முடியாதுண்ணே. கன்ஃபர்ம் அழுத்துனா சாமான் ஆர்டர் எல்லாம் கடைங்களுக்குத் தானா போயிரும். அப்புறம் ஒரு மணியைக்கூடக் கழட்ட முடியாது. நம்ம முதலாளி, தௌக்கே போட்ட ரூல்."

"நான் அழுதாலும் மாத்தக் கூடாது!" என்று ஜெயபாலன் பெருமையாக முழங்கினார். "சிஸ்டம்னா சிஸ்டம்தான்!"

தீபன் கன்ஃபர்மை அழுத்தினான். அவ்வளவு ஆசையாக அவன் வாழ்க்கையில் எதையும் அழுத்தியதில்லை. திரை பச்சையானது. நான்கு மகாஜனங்கள் கை தட்டினார்கள். சின்னையா மட்டும் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் இரக்கம் காட்டினால் நஷ்டமில்லை என்று தீபனுக்குத் தோன்றியது. நாலு பேர் காதில் விழட்டும் என்று மாமா கையிலிருந்த மைக்கை வாங்கி, குரலில் தேன் தடவிக் கேட்டான்.

"அறுபது கிலோ மாமா. உங்க முட்டி தாங்குமா?"

ஜெயபாலன் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"என் முட்டிக்கு என்னாலா வந்துச்சு? தூக்கப்போறது நீதானே!"