ஆயிரம் எண்ணிய டிரைவர்

ஓர் ஆஸ்பத்திரி மானிட்டருக்குள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜனை அளப்பது சென்சார். அதனிடம் அளவைக் கேட்டு வாங்கித் திரைக்குக் கொடுப்பது டிரைவர் என்ற புரோகிராம். சென்சார் அளந்து முடிக்கும்வரை டிரைவர் ஆயிரம் எண்ணிக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் மானிட்டருக்குள் புரோகிராம்களை ஓட்டும் பிராசஸரை மாற்றி, வேகமான புதியதைப் பொருத்தினார்கள். சென்சார் பாதி அளப்பதற்குள் டிரைவர் ஆயிரத்தை எண்ணி முடித்துவிட்டது.

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. இது பழைய அளவு” என்றது சென்சார்.

“ஆயிரம் எண்ணிட்டேன். எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.”

டிரைவர் முன்பு அளந்த தொண்ணூற்றெட்டு சதவீதத்தையே திரைக்கு எடுத்துப் போனது. உடனே வந்து மறுபடி கேட்டது. கேட்கும்போதெல்லாம் சென்சார் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று.

அந்த மானிட்டர் மாட்டியிருந்த கட்டிலில், ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தாள் பூங்காவனம். அவளுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது.

“ரத்தம் கறுக்குதுண்ணே! ஒரே ஒரு தடவை முழுசா அளக்க விடுங்க!” என்று சென்சார் கதறியது. டிரைவர் நிற்கவில்லை. திரையில் தொண்ணூற்றெட்டைப் பார்த்த நர்ஸ், ஆக்சிஜன் சரியாக இருக்கிறது என்று அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மாலையில் பூங்காவனத்தின் உடலைக் கொண்டுபோனார்கள். மானிட்டரைத் திறந்து பார்த்த மெக்கானிக், சென்சார் மந்தம் என்று எழுதி, அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். டிரைவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.