வால் குட்டையான உ

ராசிபுரத்திலிருந்து வந்த குடியானவன் சென்னியப்பன் மடியிலிருந்து எடுத்து நீட்டிய வெண்கல புஷ்ஷை உபகாரசாமி விரலால் ஒரு சுற்றுத் தடவினார். முகம் மாறிவிட்டது.

“இது நான் வார்த்தது இல்லையே.”

“உங்க முத்திரைதானுங்களே இருக்குது? பக்கத்துத் தோட்டத்து மணியன் எஞ்சின்ல இருந்து மாதிரிக்குக் கழட்டியாந்தேனுங்க. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்.”

ஆயில் எஞ்சினுக்குள் தண்டைத் தாங்குகிற சின்ன வளையம்தான் புஷ். சேலத்தில் தன் வீட்டுக் கொல்லையிலேயே மணல் அச்சில் அதை வார்த்துக் கொடுப்பவர் உபகாரசாமி. ஒவ்வொன்றிலும் பேரின் முதல் எழுத்தான ‘உ’ இருக்கும். ராசிபுரத்துக் குடியானவர்கள் அதைப் பிள்ளையார் சுழி என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஞாயிறு பூசை தவறாத உபகாரசாமியும் மறுத்ததில்லை.

இந்த ‘உ’வுக்கு வால் குட்டை.

அடுத்த தெருவில் உலை வைத்திருப்பவன் ஒரே ஆள்தான். மனைவி மரியபுஷ்பத்தின் தம்பி தோமினிக். ஐந்து வருஷம் இவரோடு இருந்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு போனவன்.

புஷ்ஷைத் தன் மடியில் செருகிக்கொண்டு சட்டையை மாட்டினார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மரியபுஷ்பம் வாசலை மறித்தாள். தம்பி என்றால் உனக்குத் தாங்காதே என்று குத்திவிட்டு நடந்தார். ஆறு மாதமாக உலைப் புகையில் கண் கொஞ்சம் மங்கல். சாக்கடையைக் காலால் துழாவித் தாண்டித்தான் தோமினிக்கின் உலைக்குள் நுழைந்தார்.

“என் முத்திரையைப் போட்டு விக்கிறியாடா? சொந்தமாப் பேரு எடுக்கத் துப்பில்லையா?”

தோமினிக் சிரித்தான். “பிள்ளையார் சுழிக்கு நீங்க பட்டா வாங்கியிருக்கீங்களா மாமா?”

“இரு, போலீசுக்கே போறேன்.”

திரும்பிய வேகத்தில் கால் ஒரு கூடையில் இடித்தது. புஷ்கள் உருண்டன. சாட்சிக்கு ஆயிற்று என்று ஒன்றை எடுத்துத் தடவினார்.

வால் நீளமாக இருந்தது. அவருடையதேதான்.

விரல் உள்பக்கம் போயிற்று. அங்கே ஒரு பொத்தல். நுனி விரல் புதைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் நீள வால். அதிலும் பொத்தல். மூன்றாவதிலும்.

உருகிய வெண்கலத்தை நிறம் பார்த்துத்தான் அச்சில் ஊற்ற வேண்டும். நிறம் தப்பினால் பொத்தல் விழும்.

“இதெல்லாம் எப்படி இங்க வந்தது?”

தோமினிக் தலை குனிந்துகொண்டான். “வாங்கினவங்க திருப்பிக் கொடுக்க உங்க ஊட்டுக்குத்தான் வருவாங்க மாமா. இதுவும் உங்க உலைதான்னு சொல்லி அக்கா இங்க அனுப்பிவிட்டுரும். நான் உங்க முத்திரையையே போட்டுப் புதுசு வார்த்துக் கொடுத்துருவேன்.”

உபகாரசாமி குனிந்து, உருண்டவற்றைக் கையால் தேடித் தேடிக் கூடையில் போட்டார். கடைசியாக மணியனின் புஷ்ஷை மடியிலிருந்து எடுத்து இன்னொரு முறை தடவினார்.

“வாலை இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடுடா,” என்றார். “குட்டையா இருந்தா என்னுது இல்லைன்னு தெரிஞ்சு போயிரும்.”