மொட்டுக் கட்டிய கொப்பு

காலை வெயில் உடுப்பிட்டியில், வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் கனகலிங்கத்தாரின் நொச்சியில் விழுகிறது. மாசியில் இலை கொட்டி விறகாய் நின்ற செடி துளிர்த்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரேயொரு கொப்பில் ஊதா மொட்டுக் கட்டியிருக்கிறது. அது பூத்தால் பருத்தித்துறைக் கடலும் ஊதாவாகும் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். மற்றக் கொப்புகளில் இலையே இல்லை. தடிமன் பிடித்தால் இலங்கையில் பாதிப்பேர் ஆவி பிடிக்க இங்கேதான் வந்து முறிக்கிறார்கள். மருந்துக்கென்று கேட்டவரைத் திருப்பி அனுப்ப அவருக்கு வாய் வராது. படலை திறக்கிறது. பக்கத்து வீட்டு உதயகலா ஓலைக் கடகத்தோடு நிற்கிறாள். “அண்ணை, பிள்ளைப்பெத்த மகளை இண்டைக்குத் தோய வார்க்கவேணும். குளிக்கிற தண்ணியிலை போட்டு அவிக்க ஒரு பிடி நொச்சி தாங்கோ.” “அங்காலைக் கொப்பைப் பார் பிள்ளை.” “அது உங்கடை மொட்டைத் தலை மாதிரியெல்லோ கிடக்கு.” அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நிற்கிறது. வேலிக்கு அப்பால் பச்சைப்பிள்ளை வீரிட்டு அழுகிறது. உதயகலா மொட்டுக் கொப்புக்குக் கை நீட்டுகிறாள், எட்டவில்லை. எக்கி எக்கிப் பார்க்கிறாள். விரல் நுனி உரசிய இலையிலிருந்து நொச்சியின் கார வாசம் கிளம்புகிறது. அவர் மெல்ல எழும்பிப் போய், அந்தக் கொப்பைத் தன் கையாலேயே வளைத்துப் பிடிக்கிறார். “கெதியா முறி பிள்ளை, கை உளையுது” என்கிறார், முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு.