நன்றி மானி

எட்டாவது படிக்கும் மகள் ஜெனோவாவைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அனுப்ப வேண்டுமானால், வீட்டில் நன்றியுணர்வு போதுமான அளவு இருக்க வேண்டும் என்றது பள்ளி விடுதி. அளப்பதற்குச் சமையலறைச் சுவரில் ஒரு மானியையும் மாட்டிவிட்டுப் போனார்கள். அதன் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

தூத்துக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா ராயப்பன் படியாத பேரத்தையெல்லாம் படிய வைத்தவர். மறுநாள் காலை தட்டில் தோசை விழுந்ததும், "ரொம்ப நன்றி, எமல்டா" என்றார்.

மனைவி அடுப்பை அணைத்தாள். "என்ன செஞ்சு தொலைச்சிய? இப்பமே சொல்லிருங்க."

முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது.

மகளுக்காகத்தானே என்று இருவரும் பழகினார்கள். உப்பை எடுத்துக் கொடுத்தால் நன்றி, ஃபேனைப் போட்டால் நன்றி. "இன்னும் ரெண்டு போடு" என்று அதட்டிக் கேட்பதை ராயப்பன் விட்டார். உறைப்பில்லாத குழம்பையும் கும்பிட்டுச் சாப்பிட்டார். முள் மெல்ல ஏறிப் பச்சைக்கு வந்தது, மகளும் வந்தாள்.

முதல் நாள் சாப்பாட்டில், "மீன் கொழம்பு வச்சதுக்கு நன்றி" என்றார் ராயப்பன்.

"சாப்பிட்டதுக்கு நன்றிங்க" என்றாள் எமல்டா.

ஜெனோவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா கை கழுவப் போகும்வரை காத்திருந்து, அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்களாம்மா? நான் யாருகூட இருக்கணும்?"