விசாவுக்கு ஒரு கமலா ஆரஞ்சு

"தோல் அறுந்துபோச்சு! விசா கிடையாது. இன்னொண்ணு உரிங்க."

குடியரசுத் தலைவர் தொகுஜி, அடுத்த கமலா ஆரஞ்சை மேசையில் உருட்டிவிட்டார்.

படகுத்துறையில் தன் நூடுல்ஸ் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி யாசுவேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கமலா விளையும் அந்தக் குட்டி ஜப்பானியத் தீவைத் தனி நாடாக அறிவித்தது, புத்தாண்டன்று சாக்கே குடித்த ஆண்கள் அடித்த கூத்து. ஆளுக்கொரு பதவி, யாசுவேயின் மேசைவிரிப்பில் ஒரு கொடி, துறையில் ஓர் 'எல்லைச் சாவடி'. தோல் அறாமல் கமலா உரித்தால் விசா. உரிக்கத் தெரியாதவர்களுக்கும் தொகுஜி சிரித்தபடி முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

இன்றைக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

அதுவும் எவ்வளவு மரியாதையான மனிதரிடம்! கோட்டு, டை, கையில் இனிப்புப் பெட்டி. படகை விட்டு இறங்கியதும் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் குனிந்து வணங்கினார். அவரைப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, கமலா உரிக்கச் சொல்கிறாரே!

யாசுவே சாவடிக்கே போய்விட்டாள்.

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்? பாவம், அவரை விடுங்க."

"இது நாட்டு விவகாரம். நீ உள்ளே போ."

வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லைம்மா. நான் என் மனைவியைத் தேடி வந்திருக்கேன். அவளுக்கு மனசு சரியில்லை. சொல்லாம கொள்ளாம வீட்டை விட்டுப் போயிட்டா. இந்தத் தீவுல இருக்கிறதா கேள்விப்பட்டேன்."

அவர் கண் கலங்கியது. யாசுவேவுக்கும் கலங்கியது.

"அவங்க பேரு என்னங்க?"

"சிகுசா."

யாசுவேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசந்தத்தில் வந்து அவள் கடை அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்த, இடது காது கேட்காத பெண் அல்லவா சிகுசா!

"அட, அவ இங்கேதான்..."

"தேசிய கீதம்!" என்று கத்தினார் தொகுஜி. "எல்லாரும் எழுந்திருங்க! தலைவர் பாடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

பாடினார். கட்டைக் குரலில், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப. வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். யாசுவேவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

படகு ஊதிக்கொண்டு துறையை விட்டு விலகியது.

பாட்டு சட்டென்று நின்றது. "விசா வழங்கப்பட்டது. போய் வாங்க!" முத்திரை குத்தினார் தொகுஜி. அந்த மனிதர் விறுவிறுவென்று ஊருக்குள் போனார்.

"உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?" யாசுவே பொரிந்து தள்ளினாள். "பொண்டாட்டியைக் காணாம அலையற மனுஷனைப் போய்க் கேலிக்கூத்தாக்கிட்டீங்களே! நானே போய் சிகுசாவைக் கூட்டிட்டு வரேன்."

"அங்கே பாரு."

விலகிப்போகும் படகின் பின்தளத்தில், அடுக்களை ஏப்ரனோடு நின்றிருந்தாள் சிகுசா. இவர்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். நிமிரவேயில்லை.

"அவன் இறங்கினதைப் பார்த்துட்டு நடுங்கிக்கிட்டே பின்வாசல் வழியா என்கிட்ட ஓடி வந்தா. நம்ம கடற்படைத் தளபதி, அதான் படகுக்காரன் கியோஹாரு, அக்கரையில என் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவான்."

"ஏங்க, பார்த்தா தங்கமான மனுஷனாட்டம் இருந்தாரே..."

தொகுஜி தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"அவளுக்கு இடது காது ஏன் கேக்கலைன்னு அந்தத் தங்கமான மனுஷன் உன்கிட்ட சொன்னானா?"